எந்த ஊர்க் காளானுக்கு எந்த ஊர்ப் புத்தகம்?

மழை தொடங்கினால் போதும், நண்பர்களின் முகநூல் பக்கங்களிலும் காளான் முளைக்கத் தொடங்கிவிடும். வேலியோரம் ஒன்று, மாட்டுச் சாணத்தில் ஒன்று, புற்றடியில் ஒரு கூட்டம். படத்துக்குக் கீழே ஒவ்வொரு வருசமும் அதே கேள்விதான்: "இது சாப்பிடுற காளானா?" ஒருவர் "ஓம், அம்மம்மா சமைச்சுத் தந்தவ" என்பார். இன்னொருவர் "நாய்க்குடை, தொடாதை" என்பார். மூன்றாமவர் ஒரு செயலியின் பெயரைச் சொல்லுவார். நாலாமவர் எங்கேயோ தரவிறக்கிய ஒரு ஆங்கிலக் கையேட்டின் இணைப்பைப் போட்டுவிட்டுப் போவார்.

இந்தக் கட்டுரை அந்த நாலாமவருக்கும், அந்த இணைப்பை அழுத்தப் போகிறவர்களுக்கும். காட்டுக் காளான் பறிக்க ஆசைப்படுகிறவர் ஒரு கையேட்டைத் தேடுவது நல்ல விசயம். அடுத்த வீட்டு ஊகத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கையேடு என்பதில் நாங்கள் கவனமாக இருப்பதில்லை. வடிவான படங்கள் இருக்கிறதா, இலவசமாகக் கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம்: இன்னொரு நாட்டுக்கென்று எழுதிய கையேட்டை நம்பி இலங்கையில் ஒரு காளானையும் சாப்பிடக்கூடாது. இலங்கையில் பழகிய கண்ணை நம்பி இன்னொரு நாட்டிலும் சாப்பிடக்கூடாது. தன்னுடைய எல்லை எதுவென்று தானே சொல்கிற புத்தகம்தான் நல்ல புத்தகம்.

1988இல் அமெரிக்காவில் இரண்டு பேர் காளான் தேடிப் போனார்கள். அவர்களிடம் இருந்தது 'த என்சைக்கிளோபீடியா ஒஃப் மஷ்ரூம்ஸ்' என்ற நூல். பிரித்தானியர் இருவர் எழுதியது, பிரித்தானியாவில் வெளியானது, பிறகு அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று பிரதிகளை வாங்கி அங்கே விற்றது. நூலில் உள்ள விவரத்தை நம்பிப் பறித்தார்கள், சமைத்துச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. பதிப்பகத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தான் வெளியிடும் நூலில் உள்ள தகவல் சரியா பிழையா என்று ஆராய்ந்து பார்க்கும் கடமை பதிப்பகத்துக்கு இல்லை என்பதுதான் அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பு நியாயமா என்று நாள் முழுக்கக் கதைக்கலாம். வாசிக்கிற எங்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. புத்தகம் பிழைத்தால் நட்டப்படுவது எங்கட ஈரல்தான். ஆகவே வாங்க முதல் அதைச் சோதிக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

முதலில் பார்க்கவேண்டியது, புத்தகம் எந்த நிலத்துக்கு எழுதப்பட்டது என்பது. வைக்கோற்போரில் முளைக்கிற வைக்கோல் காளானை எடுத்துக்கொள்ளுங்கோ. மொட்டாக இருக்கையில் முட்டை மாதிரி ஒரு உறைக்குள் இருக்கும். வளர வளர உறை கிழியும். கிழிந்த உறை காம்பின் அடியில் ஒரு கிண்ணம் போல மிஞ்சும். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிற காளான் இது. இனி ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட 'அமனிட்டா ஃபலோயிட்ஸ்' என்ற காளானைப் பாருங்கோ. ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு 'மரணத்தொப்பி' என்று பொருள். அதுவும் முட்டை மாதிரித்தான் தொடங்கும், அதன் அடியிலும் அதே கிண்ணம்தான். ஓக் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது என்பதால், ஐரோப்பியர் கொண்டுபோய் நட்ட மரங்களோடு சேர்ந்து அவுஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மெல்பேர்ண், கன்பரா, வன்கூவர் நகரங்களில் இன்றைக்குத் தெருவோர மரங்களுக்கு அடியிலேயே முளைக்கிறது.

ஆசியாவிலிருந்து அந்த நாடுகளுக்குப் போய்க் குடியேறியவர்கள், ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து மரணத்தொப்பியைப் பறித்து உயிரை விட்டிருக்கிறார்கள். காளான் தெரியாதவர்களுக்கு நடந்ததில்லை இது. நன்றாகத் தெரிந்தவர்களுக்கு நடந்தது. ஊரில் அந்த முட்டை வடிவத்தோடு குழப்பக்கூடிய மரணத்தொப்பி இருக்கவில்லை. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தேவை அவர்களுக்கு ஒருநாளும் வரவில்லை. டொரொண்டோவிலும் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் எங்கட ஆக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. இந்த ஒரு பந்தியை அவர்களுக்கு அனுப்பிவைத்தாலே போதும்.

அந்த நஞ்சு வேலை செய்கிற விதமும் தெரிந்திருக்க வேண்டும். தப்பிப் பிழைத்தவர்கள் காளான் நல்ல ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேல், ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, வயிற்றோட்டம். அதன்பின் ஒரு நாள் அளவில் சுகமாகிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். அவித்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு தொப்பியின் பாதியே வளர்ந்த ஒருவரைக் கொல்லக் காணும்.

ஆகவே புத்தகத்தின் உபதலைப்பையும் முன்னுரையையும் வாசியுங்கோ. அமெரிக்கரான டேவிட் அரோராவின் 'ஓல் தட் த ரெயின் ப்ரொமிசஸ்' 1991இல் வந்தது. சட்டைப்பைக்குள் வைக்கிற அளவு, பகிடியும் படமுமாக வாசிக்க அருமையான நூல். அது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காளான்களுக்கானது என்பதை உபதலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. அது நேர்மையான புத்தகம். அதை ஹட்டனிலோ வவுனியாவிலோ வைத்துக்கொண்டு பறிக்கப் போனால் பிழை புத்தகத்தில் இல்லை. 'உலகின் உண்ணத்தகு காளான்கள்' என்ற தோரணையில் தலைப்பு வைத்து, இருநூறு பக்கத்தில் உலகத்தையே அடக்கும் புத்தகங்களைத்தான் நாங்கள் சந்தேகிக்கச் சொல்கிறோம்.

இரண்டாவது, எந்த வருசத்துப் பதிப்பு என்பது. 'பக்சிலஸ் இன்வொலூட்டஸ்' என்ற காளானைக் கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டார்கள். 1944இல் யூலியஸ் ஷேஃபர் என்ற ஜெர்மன் பங்கசு ஆய்வாளர் அதைச் சாப்பிட்டு இறந்துபோனார். காளானையே ஆராய்ச்சியாகக் கொண்டிருந்த மனிதர். பலமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒருநாள் உடம்பு தன்னுடைய இரத்தக் கலங்களையே அழிக்கத் தொடங்கலாம் என்பது பிறகுதான் விளங்கியது. யப்பானில் 'சுகிஹிராதகே' என்ற வெள்ளைக் காளானை மக்கள் விரும்பிச் சாப்பிட்டு வந்தார்கள். 2004 இலையுதிர் காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள். அதற்கு முன் அச்சான பல நூல்களில் அது சாப்பிடக்கூடிய காளான் என்றே இருக்கும். இணையத்தில் இலவசமாகச் சுற்றுகிற பழைய புத்தகங்கள் அதே பக்கத்தோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கவிதைப் புத்தகம் பழசாக இருந்தால் நல்லதுதான். காளான் புத்தகத்துக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, ஒவ்வொரு காளானுக்கும் அது ஒதுக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. மேலிருந்து எடுத்த ஒரே ஒரு அழகான படம் மட்டும் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வையுங்கோ. மொட்டு, நடுப்பருவம், விரிந்த நிலை என்று படங்கள் வேண்டும். குடைக்கு அடியில் உள்ள தகடுகள் எப்படி, காம்பில் வளையம் உண்டா, அடியில் கிண்ணம் உண்டா, எந்த மரத்தடியில், எந்தப் பருவத்தில் என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும். இதைப்போலவே இருக்கும் நஞ்சுக் காளான் எது, இரண்டையும் எதை வைத்துப் பிரிப்பது என்பது அதே பக்கத்தில் இருக்க வேண்டும். புத்தகத்தின் கடைசியில் தனி அத்தியாயமாக இருந்தால் போதாது. பசியோடு காட்டில் நிற்கிறவர் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டார்.

வித்தியின் நிறத்தைச் சொல்லாத கையேடு கையேடே அல்ல. சின்னச் சோதனைதான் இது. காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பான ஒரு தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விட்டால் விடியும்போது தாளில் வித்திகள் தூளாகப் படிந்திருக்கும். வைக்கோல் காளானுக்கு அது இளஞ்சிவப்பு. மரணத்தொப்பிக்கு வெள்ளை. முட்டையும் கிண்ணமும் ஒரே மாதிரி இருக்க, தாள் வேறு வேறு நிறம் காட்டும். மழைக்குப் பிறகு வெப்பமண்டலப் புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கிற 'கிளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ்' என்ற காளானும் அப்படித்தான். பார்த்தால் கறிக்கென்றே முளைத்த மாதிரி இருக்கும். சாப்பிட்டால் சில மணித்தியாலத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும். அதன் வித்தி பச்சை நிறம். ஆனால் இளசாக இருக்கையில் தகடுகள் வெள்ளையாகவே இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: வித்தியின் நிறம் ஒரு காளானை 'இது அல்ல' என்று விலக்க உதவும். 'இதுதான்' என்று அது மட்டும் சான்று சொல்லாது.

பொது விதி சொல்கிற புத்தகம் இன்னும் ஆபத்து. வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, உள்ளி போட்டு அவித்தால் நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நாங்களும் சாப்பிடலாம், வடிவான நிறமென்றால்தான் நஞ்சு என்று உலகம் முழுக்கக் கதை உண்டு. எதுவும் உண்மை அல்ல. மரணத்தொப்பியைப் பூச்சியும் நத்தையும் தின்னும், அதன் நிறமும் சாதுவான வெளிர்பச்சைதான். 'காளான்', 'நாய்க்குடை' என்ற எங்கட பிரிவுகூடச் சாப்பிடுகிறோமா இல்லையா என்பதை வைத்து வந்த பெயர்களே தவிர, பார்த்தவுடன் பிரிக்க உதவும் இரண்டு சாதிகள் அல்ல.

நாலாவது, யார் எழுதியது. 2023 ஓகஸ்டில் அமேசன் தளத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய காளான் கையேடுகள் விற்கப்படுவதாகச் செய்தி வந்தது. நியூயோர்க் பங்கசு ஆய்வுச் சங்கம், அறிந்த எழுத்தாளர்களின் நூல்களை மட்டும் வாங்கும்படியும், இது உயிர் போகிற விசயம் என்றும் பகிரங்கமாக எச்சரித்தது. இல்லாத எழுத்தாளர், இல்லாத அனுபவம், எங்கிருந்தோ பொறுக்கிய வசனங்கள். இப்படிப்பட்ட புத்தகத்துக்கு 'எனக்குத் தெரியாது' என்ற வசனமே வராது. ஆகவே எழுதியவரின் பெயரைத் தேடிப் பாருங்கோ. அந்த நிலத்தில் எத்தனை வருசம் காளான் பார்த்தவர், எந்தப் பல்கலைக்கழகத்தோடு, தாவரத் தோட்டத்தோடு, சங்கத்தோடு வேலை செய்தவர் என்று தெரியவேண்டும்.

"அப்ப செயலி?" என்று கேட்பீர்கள். அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநில நச்சுத் தகவல் நிலைய ஆய்வாளர்கள் மூன்று செயலிகளைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஆகத் திறமாகச் செய்த செயலியே 49% காளான்களைத்தான் சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டிச் சாப்பிடுவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. காளானைப் பற்றி ஆர்வம் வர, பெயர்களைத் தேடத் தொடங்கச் செயலி நல்லது. சட்டிக்குள் போடுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

இனி எங்கட ஊருக்கு வருவோம். இலங்கைக் காளான்களைப் பற்றிய எழுத்து இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் சேகரித்து அனுப்பியவற்றை வைத்து, பார்க்லியும் புரூமும் 1870களில் 'இலங்கையின் பங்கசுக்கள்' பற்றி எழுதினார்கள். பேராதனையில் வேலை செய்த தோமஸ் பெச், கறையான் புற்றுப் பங்கசுக்களைப் பற்றி 1906இலேயே எழுதிவிட்டார். 1986இல் கியூ தாவரத் தோட்டத்தின் டேவிட் பெக்லர் 'அகாரிக் ஃப்ளோரா ஒஃப் ஸ்ரீலங்கா' என்ற பெரிய நூலைக் கொண்டுவந்தார். எல்லாமே ஆய்வுகூடத்துக்கான நூல்கள். நுணுக்குக்காட்டி இல்லாமல் அவற்றைப் பாவிக்க ஏலாது. எது சாப்பாடு, எது நஞ்சு என்று எங்களுக்குச் சொல்ல எழுதப்பட்டவையும் அல்ல. தமிழில் கடையில் போய்க் காளான் புத்தகம் கேட்டால் சிப்பிக் காளான் வளர்ப்பு நூலைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். "அம்மம்மா புத்தகம் வாசிச்சா பறிச்சவ?" இல்லைத்தான். ஆனால் அவர் எப்படிப் பறித்தார் என்று பாருங்கோ. காடு முழுக்க அலைந்து கண்டதையெல்லாம் பறிக்கவில்லை. இடி இடித்து மழை பெய்த பிறகு, தனக்குத் தெரிந்த புற்றடிக்குப் போய், வருசா வருசம் அங்கே முளைக்கிற அதே காளானை எடுத்தார். அந்தக் காளான் கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கிற பங்கசிலிருந்து வருவது. கிண்டிப் பார்த்தால் காம்பு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் இறங்கும். அவருக்குத் தெரிந்தது மூன்று நாலு வகைதான். அந்த மூன்று நாலையும் தன் தாயோடு போய்ப் பழகியவர். தெரியாததை அவர் தொடவேயில்லை. நாங்கள் மேலே சொன்ன நல்ல கையேட்டின் எல்லா இலக்கணமும் அவரிடம் இருந்தது: ஒரு நிலம், ஒரு பருவம், தன் எல்லை எதுவென்ற தெளிவு.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கையேடு அந்தப் புற்றடியை விட்டு நகராது. எங்கட ஆக்களோ நகர்ந்துகொண்டே இருந்தார்கள். போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியேறி, சிலர் வேறு ஊரிலேயே தங்கி, சிலர் கடல் தாண்டி. அம்மம்மா இப்போது இருக்கிற வீட்டுக்கும் அந்தப் புற்றுக்கும் நடுவில் நூறு மைல் இருக்கலாம். பேரப்பிள்ளைக்குக் காளான் கறியின் ருசி மட்டும் நினைவிருக்கிறது, பிரித்துப் பார்க்கும் கண் வந்து சேரவில்லை. ருசியின் நினைவும் ஒரு அமெரிக்கக் கையேடும் சேர்ந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை.

சிங்களத்தில் 'ஹீன் லேன ஹத்து', 'ஊரு பஹ' என்று உண்ணும் காளான்களின் ஊர்ப் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகள் வரைக்கும் போயிருக்கின்றன. கன்னொறுவையில் உள்ள அரச ஆய்வு நிலையத்தில் ஊரு பஹவை வளர்த்துப் பார்க்கும் முயற்சிகூட நடந்தது. வன்னியிலும் படுவான்கரையிலும் மலையகத் தோட்டங்களிலும் தமிழர் வைத்த பெயர்கள் என்னென்ன? அந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். தமிழில் ஒரு கள வழிகாட்டி வேண்டும் என்று நாங்கள் சொல்வது மொழிப்பற்றுக்காக மட்டும் அல்ல. அடிக்கிண்ணம், வளையம், வித்தி நிறம் என்பதை அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தால்தான் அவருடைய அறிவு சரிபார்க்கப்பட்டு அடுத்த கைக்குப் போகும்.

யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் தாவரவியல் துறைகள் இருக்கின்றன. அங்கே படிக்கிறவர்களில் எங்கட வாசகர்களும் இருப்பீர்கள். ஒரு மாவட்டத்துக்கு இருபது காளான், அவற்றோடு குழம்பக்கூடிய நஞ்சுக் காளான்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ப் பெயர். இவ்வளவு போதும், தொடங்கலாம். மற்றவர்கள் இந்த மழைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காளானைக் கண்டால் மேலிருந்து மட்டும் படம் எடுக்காமல், அடியிலுள்ள தகடுகளையும், மண்ணைக் கிண்டிக் காம்பின் அடியையும் எடுங்கோ. பக்கத்து மரம் எது, திகதி என்ன, ஊர்ப் பெயர் என்ன என்று குறியுங்கோ. பாதுகாக்கப்பட்ட காடுகளில் பிடுங்காமல் படத்தோடு விட்டுவிடுங்கோ.

அந்தக் கையேடு வரும்வரை? பழகியவரோடு நேரில் போய்ப் பழகாத காளானைச் சாப்பிட வேண்டாம். யாராவது சாப்பிட்டு வயிறு குழம்பினால், வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்க வேண்டாம். மிஞ்சிய காளானையும், கறியென்றால் கறியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கோ. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, வைத்தியர்கள் அங்கே கேட்டறியலாம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்ற இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கோ. சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் கழித்துத் தொடங்கிய வாந்தி என்றால் வைத்தியருக்கு அது மிகப் பெரிய தகவல்.